எல்லைக் காவலரின் சோதனையும் துப்பாக்கியும்: அமெரிக்க அரசியல் சாசனம் எங்கே கோடு கிழிக்கிறது?

நெடுஞ்சாலைப் பயணி கேட்டது:

அமெரிக்காவில் படிக்கும் என் அக்காள் மகன் அண்மையில் சான் டியேகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் நோக்கிக் காரில் சென்றபோது, சான் கிளெமென்டே என்ற ஊருக்கருகே நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டிருக்கிறான். மெக்சிகோ எல்லை அங்கிருந்து அறுபது மைலுக்கும் அப்பால் இருக்கிறது. அவன் எல்லையைத் தாண்டவே இல்லை. எல்லைக் காவல் படையின் பச்சைச் சீருடை அணிந்த அதிகாரி முதலில் குடியுரிமை பற்றிக் கேட்டார். பிறகு டிக்கியைத் திறந்து காட்ட முடியுமா என்றார். இவன் திறந்து காட்டினான். அவர் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

இதைக் கேள்விப்பட்ட பிறகு நான் படித்துப் பார்த்ததில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கருத்துகள் கிடைத்தன. எல்லையிலிருந்து 100 மைலுக்குள் அரசியல் சாசனமே செல்லாது, அதிகாரிகள் யாரை வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்று ஒரு சாரார் அடித்துச் சொல்கிறார்கள். நியாயமற்ற சோதனைக்கும் பறிமுதலுக்கும் எதிரான நான்காவது திருத்தம் நாடு முழுவதும் ஒரே மாதிரிதான் பொருந்தும் என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். இவற்றுள் எது சரி? அவன் ஊருக்கு வந்து திரும்பும்போது விமான நிலையத்தில் கைப்பேசியைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? மேலும், இந்த அதிகாரிகள் எந்தச் சூழலில் சுடலாம் என்பதற்குச் சாசனத்தில் வரம்பு உண்டா? அந்த வரம்பு மீறப்பட்டால் பாதிக்கப்பட்டவர் யாரிடம் போய் முறையிடுவது? தீர்ப்புகளின் அடிப்படையில் விளக்கக்கூடியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நான்காவது திருத்தம் எல்லையிலும் உண்டு. ஆனால் அது தடுப்பது நியாயமற்ற சோதனையை மட்டுமே என்பதாலும், எது நியாயம் என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது என்பதாலும், இரு சாராருமே உண்மையின் ஒரு பகுதியைத்தான் சொல்கிறார்கள். மைல் கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நாட்டுக்குள் நுழையும் வாசல், உள்நாட்டில் இருக்கும் நிலையான சாவடி, இரண்டுக்கும் இடையே சுற்றும் ரோந்து வண்டி ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நுழைவாயிலில் அரசின் கை மிக ஓங்கியிருக்கிறது. 1789 ஜூலையில் முதல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றிய சுங்கச் சட்டம், கப்பல்களை வாரண்ட் இல்லாமல் சோதிக்க அதிகாரிகளுக்கு அனுமதி அளித்தது. அதே காங்கிரஸ்தான் இரண்டு மாதங்களுக்குள் நான்காவது திருத்தத்தையும் முன்மொழிந்து மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பியது. ஆகவே அந்தத் திருத்தத்தை வகுத்தவர்களே எல்லைச் சோதனையை நியாயமற்றதாகக் கருதவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் ராம்சே வழக்கில் வாதிட்டது. இந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2004-ஆம் ஆண்டின் ஃப்ளோரெஸ் மொன்டானோ வழக்கைப் பாருங்கள். ஓடாய் மேசா நுழைவாயிலில் ஒரு காரின் பெட்ரோல் டாங்கைத் தட்டிப் பார்த்த அதிகாரிக்கு ஓசை கெட்டியாகக் கேட்டது. மெக்கானிக்கை வரவழைத்துக் காரைத் தூக்கி, பட்டைகளைத் தளர்த்தி, போல்ட்டுகளைக் கழற்றி, டாங்கையே இறக்கிப் பிரித்தார்கள். உள்ளே 37 கிலோ கஞ்சா இருந்தது. காரைப் பிரித்துப் பார்ப்பதற்குச் சந்தேகம் ஏதும் தேவையா என்ற கேள்விக்கு, தேவையே இல்லை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

உடல் என்று வரும்போது மட்டும் நீதிமன்றம் சற்றுத் தயங்குகிறது. போகோட்டாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வந்திறங்கிய ஒரு பெண் போதைப்பொருளை விழுங்கி வந்திருக்கிறார் என்று சந்தேகித்து, ஏறத்தாழ 16 மணி நேரம் அடைத்து வைத்த பிறகே அதிகாரிகள் நீதிமன்ற ஆணைக்கு விண்ணப்பித்தார்கள். கடைசியில் 88 பலூன்களில் 528 கிராம் கொக்கெயின் வெளிவந்தது. இப்படி நீண்ட நேரம் அடைத்து வைப்பதற்கு அந்த ஆளைக் குறித்த நியாயமான சந்தேகம் (வெறும் ஊகமாக இல்லாமல், சுட்டிக்காட்டக்கூடிய காரணம்) இருக்க வேண்டும் என்றும், அந்த வழக்கில் அது இருந்தது என்றும் 1985-இல் தீர்ப்பானது. வாரண்டோ, அதைவிட வலுவான ஆதாரமான போதிய முகாந்திரமோ தேவை என்று அங்கும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் அக்காள் மகன் நின்ற சாவடிக்குச் சட்ட வரலாற்றிலேயே தனி இடம் உண்டு. சான் கிளெமென்டே சாவடியை மையமாக வைத்துத்தான் உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியமான தீர்ப்புகளை அளித்தது. 1976-இன் மார்டினெஸ் ஃபூர்ட்டே வழக்கில், நிலையான சாவடியில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் எல்லா வண்டிகளையும் நிறுத்திக் குடியுரிமை பற்றிச் சில கேள்விகள் கேட்கலாம், சில வண்டிகளை ஓரம் கட்டச் சொல்லி மேலும் விசாரிக்கலாம் என்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் முடிவானது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஓர்டிஸ் வழக்கில், அதே சாவடியில் வண்டியைத் திறந்து சோதிக்க வேண்டுமானால் ஓட்டுநரின் சம்மதம் இருக்க வேண்டும், அல்லது போதிய முகாந்திரம் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. அந்த வழக்கிலும் சோதிக்கப்பட்டது டிக்கிதான். ஆகவே அதிகாரி கேள்வி கேட்டது சட்டப்படி சரி. டிக்கியைப் பார்த்தது உங்கள் பையன் சம்மதித்த ஒரே காரணத்தால் சரியானது.

மூன்றாவது வகையான ரோந்து வண்டிக்கு அதிகாரம் இன்னும் குறைவு. எல்லைக்கு 25 மைல் வடக்கே, எல்லைக்கு இணையாகச் செல்லும் ஒரு சாலையில் எந்தக் காரணமும் இல்லாமல் நிறுத்திச் சோதிக்கப்பட்ட அல்மெய்டா சான்செஸ் என்பவரின் வழக்கில், அந்தச் சோதனை சாசனத்துக்கு விரோதமானது என்று 1973-இல் தீர்ப்பு வந்தது. நீங்கள் படித்த 100 மைல் கணக்குக்கான விடையும் அங்கேயே இருக்கிறது. எல்லையிலிருந்து நியாயமான தொலைவுக்குள் வண்டிகளில் ஏறிச் சோதிக்கலாம் என்று குடியேற்றச் சட்டம் சொல்கிறது. அந்தத் தொலைவு வான்வழியாக 100 மைல் என்று நிர்வாக விதி சொல்கிறது. ஆனால் எந்தச் சட்டமும் விதியும் சாசனம் தடுத்ததை அனுமதிக்க முடியாது என்று நீதிமன்றம் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. 25 மைலுக்குள் தனியார் நிலத்தில் நுழைந்து ரோந்து போகலாம் என்று கூறும் அதே சட்டப் பிரிவு, குடியிருக்கும் வீட்டை வெளிப்படையாக விலக்கி வைக்கிறது. இந்த 100 மைல் பட்டையில் நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வசிப்பதாக உரிமை அமைப்புகள் கணக்கிட்டிருப்பதால், இது ஏதோ பாலைவனத்து விவகாரம் என்றும் ஒதுக்கிவிட முடியாது.

மணல்திட்டு எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்களின் விளக்கம் நன்று. ரோந்து குறித்து ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1975-இன் பிரிக்னோனி போன்சே தீர்ப்பின்படி ரோந்து அதிகாரி வண்டியை நிறுத்தவே நியாயமான சந்தேகம் தேவை. மெக்சிகோ வம்சாவளியினர் போன்ற தோற்றம் மட்டுமே அதற்குப் போதாது. ஆனால் அந்தத் தீர்ப்பு, தோற்றத்தைப் பல காரணங்களில் ஒன்றாகக் கருத இடம் கொடுத்துவிட்டது. அந்தச் சிறிய இடைவெளி இப்போது பெரிய கதவாகிவிட்டது என்பது என் கருத்து. 2025-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த குடியேற்றச் சோதனைகளில் இனம், பேசும் மொழி, நிற்கும் இடம், செய்யும் தொழில் ஆகியவற்றை மட்டும் வைத்து ஆட்களை நிறுத்தக் கூடாது என்று மாவட்ட நீதிபதி பிறப்பித்த தடையை, உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 8 அன்று நிறுத்தி வைத்தது. பெரும்பான்மையினர் காரணம் எழுதவில்லை. தனியாக எழுதிய நீதிபதி கவனா, இனம் மட்டும் போதாது, ஆனால் பிற காரணங்களோடு சேர்ந்து அதுவும் ஒரு காரணமாகலாம் என்றார். மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள். தென்னாசிய முகம் கொண்ட நாமும் அந்தக் கணக்கில் அடக்கம்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பேருந்தில் செல்பவர்கள் பாண்ட் வழக்கை அறிந்திருப்பது நல்லது. டெக்சாஸில் சியரா பிளாங்கா சாவடியில் பேருந்துக்குள் ஏறிய எல்லைக் காவல் அதிகாரி, பயணிகளின் குடியுரிமையைச் சரிபார்த்துவிட்டு இறங்கும் வழியில், தலைக்கு மேலுள்ள தட்டில் இருந்த மெத்தென்ற பைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பையில் செங்கல் போல் ஏதோ தட்டுப்பட்டது. உள்ளே இருந்தது போதைப்பொருள். சக பயணிகள் பையை நகர்த்துவார்கள் என்று எதிர்பார்க்கலாம், ஆனால் உள்ளிருப்பதை அறியும் நோக்கத்தோடு ஒருவர் பிசைந்து பார்ப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆகவே அதுவும் ஒரு சோதனைதான், அதற்கு அதிகாரம் இல்லை என்று 2000-இல் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

கைப்பேசியைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் இதுவரை வாய் திறக்கவில்லை. கைது செய்யப்பட்டவரின் கைப்பேசியைப் பார்க்கவே வாரண்ட் வேண்டும் என்று 2014-இல் ரைலி வழக்கில் சொன்னது உண்மைதான். ஆனால் அது எல்லையைப் பற்றிய வழக்கு அன்று. கீழே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஆளுக்கொரு திசையில் இழுக்கின்றன. கலிஃபோர்னியா, அரிசோனா உள்ளிட்ட ஒன்பதாவது சர்க்யூட்டில் (மேல்முறையீட்டு வட்டாரத்தில்), அதிகாரி கையால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதற்குச் சந்தேகம் தேவையில்லை. கருவியோடு இணைத்துத் தடயவியல் ஆய்வு செய்வதற்கு நியாயமான சந்தேகம் தேவை. 2019-இன் கானோ தீர்ப்பில் அதே நீதிமன்றம் ஒரு படி மேலே சென்று, எல்லையில் தேடக்கூடியது கைப்பேசிக்குள்ளேயே இருக்கும் சட்டவிரோதப் பொருளை மட்டும்தான், பொதுவான குற்றச் சான்றுகளை அல்ல என்று கூறி, அழைப்புப் பட்டியலிலிருந்த எண்களை அதிகாரி தாளில் குறித்துக்கொண்டதே வரம்பு மீறல் என்றது. ஃப்ளோரிடாவை உள்ளடக்கிய பதினொன்றாவது சர்க்யூட்டோ, தடயவியல் ஆய்வுக்குக்கூடச் சந்தேகம் வேண்டாம் என்று 2018-இல் தீர்ப்பளித்தது. இவை அனைத்துக்கும் மாறாக, நியூயார்க்கில் உள்ள மாவட்ட நீதிபதிகள் சிலர் 2023 முதல் வாரண்டே வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எனினும் அவ்வழக்குகளில் அதிகாரிகள் நல்லெண்ணத்தோடு செயல்பட்டார்கள் என்று கூறிச் சான்றுகளை விலக்க மறுத்தும்விட்டார்கள். எந்த விமான நிலையத்தில் இறங்குகிறோமோ அதற்கேற்ற உரிமை என்பதே இன்றைய நிலை.

நெடுஞ்சாலைப் பயணி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். டிக்கியைத் திறக்க விருப்பமில்லை என்று அவன் பணிவாகச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கைப்பேசியின் கடவுச்சொல்லைச் சொல்ல மறுத்தால் மாணவர் விசாவில் இருப்பவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

சாவடியில் மறுப்பதற்கு அவனுக்கு உரிமை உண்டு; மறுத்தது ஒன்றையே சந்தேகத்துக்குக் காரணமாக்க முடியாது. நடைமுறையில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி மோப்ப நாயைச் சுற்றி வரச் செய்திருப்பார்கள். வண்டியின் வெளிப்புறத்தை நாய் முகர்வது சோதனை ஆகாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. பயிற்சி பெற்ற நாய் அடையாளம் காட்டினால் அதுவே பொதுவாகப் போதிய முகாந்திரம் ஆகிவிடும். ஆனால் நாய் வரும்வரை காத்திருக்க வைப்பதற்காக விசாரணையை இழுத்தடிக்க முடியாது. அதற்குத் தனியாக நியாயமான சந்தேகம் வேண்டும். வேறொன்றையும் சொல்லி வைக்கிறேன்: 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தமது பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சாவடியில் மாணவர்கள் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் டிக்கியால் அன்று, வீட்டில் விட்டுவிட்டு வந்த காகிதத்தால்தான்.

கடவுச்சொல் விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்ல வேண்டுமானால், ஆம், விசாவில் வருபவரைத் திருப்பி அனுப்ப முடியும். குடிமகன் மறுத்தால் கருவியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமே தவிர, அவரை உள்ளே விடாமல் தடுக்க முடியாது. கிரீன் கார்டு உள்ளவர் இவ்விருவருக்கும் இடைப்பட்ட நிலையில் இருக்கிறார். அவருடைய தகுதியை அதிகாரி வாசலிலேயே பறித்துவிட முடியாது, குடியேற்ற நீதிபதி முன் விசாரணை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறையின் 2018-ஆம் ஆண்டு உள்விதிகள், கருவியில் ஏற்கெனவே பதிந்திருப்பதை மட்டுமே பார்க்க வேண்டும், இணைய இணைப்பைத் துண்டித்த பிறகே பார்க்க வேண்டும், வழக்கமாக ஐந்து நாளுக்கு மேல் கருவியை வைத்திருக்கக் கூடாது என்று கூறுகின்றன. கருவியோடு இணைத்து ஆய்வு செய்ய நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் கவலையோ இருக்க வேண்டும், மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும் என்றும் உள்ளது. ஆனால் இவை துறை தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதிகள், துறையே மாற்றலாம்.

வழக்குமன்றப் பார்வையாளர் எழுதியது:

துப்பாக்கி பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். சோதனையில் எல்லை அதிகாரிக்குக் கிடைக்கும் தளர்வு, சுடுவதில் அவருக்குக் கிடையாது. நகரக் காவலருக்கு எந்த அளவுகோலோ அதே அளவுகோல்தான் இவருக்கும். மெம்பிஸ் நகரில் ஒரு வீட்டில் பத்து டாலரையும் ஒரு கைப்பையையும் திருடிவிட்டு, நிராயுதபாணியாக வேலியேறித் தப்ப முயன்ற 15 வயதுச் சிறுவனைக் காவலர் பின்புறமிருந்து சுட்டுக் கொன்றார். அந்த வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம், சுடுவது என்பது நான்காவது திருத்தம் கூறும் பறிமுதலின் (ஆளைப் பிடித்து நிறுத்துவதும் அதில் அடக்கம்) ஒரு வடிவமே என்று கொண்டு, ஓடுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சுடக் கூடாது, அவரால் அதிகாரிக்கோ பிறருக்கோ உயிராபத்து அல்லது கடுமையான காயம் நேரும் என்று நம்பப் போதிய முகாந்திரம் இருக்க வேண்டும், முடிந்தால் எச்சரிக்கவும் வேண்டும் என்றது. 1989-இன் கிரஹாம் தீர்ப்பு, அந்த இடத்தில் நின்ற நியாயமான ஓர் அதிகாரியின் கண்ணோட்டத்தில்தான் இதைப் பார்க்க வேண்டும், பின்னால் கிடைத்த அறிவை வைத்து அளக்கக் கூடாது என்றது. சுட்ட கணத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் பார்க்கும் வழக்கம் சில நீதிமன்றங்களில் இருந்தது. அதிகாரி தானே போய் ஆபத்தை உண்டாக்கிக்கொண்டாரா என்ற கேள்வி அதில் மறைந்துபோயிற்று. 2025 மே மாதத்தில் பார்ன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த வழக்கத்தை நிராகரித்து, நடந்தவை அனைத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று கூறியது.

எல்லைக் காவலைப் பொறுத்தவரை இந்தக் கடைசிச் செய்தி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறையே கேட்டுக்கொண்டதன் பேரில் காவல் நிர்வாக ஆய்வு அமைப்பு ஒன்று 67 துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்து 2013-இல் அறிக்கை தந்தது. ஓடும் வண்டியின் பாதையில் அதிகாரிகள் வேண்டுமென்றே போய் நின்றுகொண்டு, அதையே சுடுவதற்குக் காரணமாகக் காட்டிய நிகழ்வுகள் இருப்பதாகவும், கல்லெறிபவர்களிடமிருந்து விலகிச் செல்ல வழியிருந்தும் விலகாமல் சுட்ட நிகழ்வுகள் இருப்பதாகவும் அதில் எழுதப்பட்டிருந்தது. துறை முதலில் அந்த அறிக்கையை வெளியிடவில்லை. அது செய்தித்தாளில் கசிந்த பிறகு, 2014 மே மாதத்தில்தான் வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், வண்டிக்கு முன்னால் போய் நிற்க வேண்டாம், கல் விழும் இடத்திலிருந்து விலகி மறைவிடம் தேடுங்கள் என்று எல்லைக் காவல் படைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். இவை போக, உயிர் போக்கும் விசையை உயிராபத்தைத் தடுக்கத் தேவையான போது மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கூட்டரசின் (மத்திய அரசின்) நிர்வாக விதியே இருக்கிறது.

ஆக, விதியில் குறையில்லை. விதியை மீறினால் வழக்குத் தொடுக்க வழியுண்டா என்பதில்தான் எல்லாம் அடைபட்டுக் கிடக்கிறது. 2010 ஜூன் 7 அன்று எல் பாசோவுக்கும் சியுதாத் ஹுவாரெஸுக்கும் இடையே உள்ள காய்ந்த கான்கிரீட் கால்வாயில், அமெரிக்கப் பக்கம் நின்ற எல்லைக் காவலர் சுட்டதில் மெக்சிகோ பக்கம் இருந்த 15 வயதுச் சிறுவன் இறந்தான். கரையேறி வேலியைத் தொட்டுவிட்டு ஓடும் விளையாட்டில் இருந்தான் என்றது குடும்பம்; கல்லெறிந்தார்கள் என்றது அதிகாரி தரப்பு. கூட்டரசின் நீதித்துறை அமைச்சகம் குற்ற வழக்குப் போட மறுத்தது. அந்தக் காவலரை ஒப்படைக்கும்படி மெக்சிகோ கேட்டதையும் அமெரிக்கா மறுத்தது. பெற்றோர் தொடுத்த இழப்பீட்டு வழக்கு இரண்டு முறை உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2020 பிப்ரவரியில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. சுட்டது சரியா என்று நீதிமன்றம் பார்க்கவே இல்லை. கூட்டரசு அதிகாரி மீது சாசனத்தின் அடிப்படையில் நேரடியாக இழப்பீடு கேட்க 1971-இன் பிவென்ஸ் தீர்ப்பு திறந்த வழியை, எல்லை கடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு நீட்டிக்க மாட்டோம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. நோகாலெஸ் நகரில் 2012-இல் வேலிக்கு அப்பால் 16 வயதுச் சிறுவன் ஏறத்தாழ பத்துக் குண்டுகள் பாய்ந்து இறந்த வழக்கில் ஒன்பதாவது சர்க்யூட் குடும்பத்துக்குச் சாதகமாகத் தந்திருந்த தீர்ப்பும் இதனால் ரத்தானது.

எல்லைக்கு இப்பால் நின்றால் நிலைமை மேல் என்று எண்ண வேண்டாம். வாஷிங்டன் மாநிலத்தில் கனடா எல்லையை ஒட்டி விடுதி நடத்திய ஓர் அமெரிக்கக் குடிமகன், தன் சொந்த நிலத்திலேயே எல்லைக் காவலர் தன்னைத் தரையில் தள்ளியதாகவும், புகார் செய்த பிறகு பழிவாங்கும் விதமாக வரித்துறையிடம் மாட்டிவிட்டதாகவும் வழக்குத் தொடுத்தார். 2022-இல் எக்பர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளுபடி செய்தது. துறைக்குள்ளேயே புகார் செய்யும் வழி இருக்கிறதே, அது போதும் என்றது பெரும்பான்மை. அந்த விசாரணையில் புகார்தாரருக்குப் பங்கேற்கவோ மேல்முறையீடு செய்யவோ உரிமை இல்லை என்பது ஒரு பொருட்டாகக் கொள்ளப்படவில்லை. திருடன் வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்தை வைத்தது போலிருக்கிறது எனக்கு.

கரைமேட்டான் எழுதியது:

பார்வையாளர் அவர்களின் தகவல்களில் எனக்கு மறுப்பில்லை; முடிவில்தான் மாறுபடுகிறேன். எல்லைக் காவலர் பெரும்பாலும் ஆளில்லாத வெளியில் தனியாகவோ இருவராகவோ பணியாற்றுகிறார். எறிந்த கல் மண்டையைப் பிளக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இழப்பீட்டு வழக்குக்கு வழி வகுப்பது நீதிமன்றத்தின் வேலை அன்று, காங்கிரஸின் வேலை. மாநில, உள்ளூர் அதிகாரிகள் மீது வழக்குத் தொடுக்க 1871-லேயே காங்கிரஸ் சட்டம் இயற்றியது. கூட்டரசு அதிகாரிகளுக்கு அப்படி ஒன்றை இயற்ற அதற்கு ஒன்றரை நூற்றாண்டு காலம் இருந்திருக்கிறது. செய்யாததை நீதிபதிகள் செய்துவிட்டால் நமக்குப் பிடித்த தீர்ப்பு கிடைக்கும். ஆனால் நாளை பிடிக்காத ஒன்றையும் அவர்களே உண்டாக்குவார்கள்.

துரைசிங்கம் வழக்கையும் தமிழர்கள் நினைவில் கொள்ள வேண்டும். எல்லைக் கோட்டுக்கு உள்ளே 25 கஜ தூரத்தில் பிடிபட்ட ஈழத் தமிழர் ஒருவருக்கு, அவர் சட்டப்படி இன்னும் வாசலில்தான் நிற்கிறார் என்று கூறி, 2020-இல் உச்ச நீதிமன்றம் புகலிட மறுப்பை நீதிமன்றத்தில் எதிர்க்கும் உரிமையை மறுத்தது. எல்லையில் சாசனம் குறுகும் என்பது எல்லைக் காவலருக்கென்று செய்த தனி ஏற்பாடு அன்று. இந்தச் சட்ட மரபு முழுவதிலும் ஊறியிருக்கும் கருத்து.

வழக்குமன்றப் பார்வையாளர் எழுதியது:

கல் ஆளைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை. கொல்லும் நிலையில் இருந்தால் சுடுவதற்கு 1985-இன் அளவுகோலே இடம் தருகிறது. அந்த நிலை இருந்ததா என்பதை யாராவது ஒரு நீதிபதி விசாரிக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். காங்கிரஸ் சட்டம் இயற்றியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாசனத்தின் கட்டளை, காங்கிரஸ் மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டிய பொருள் அன்று.

மணல்திட்டு எழுதியது:

கேட்டவரின் கடைசிக் கேள்வி, யாரிடம் முறையிடுவது என்பது. இன்றைக்குத் திறந்திருக்கும் வழிகளை மட்டும் சொல்கிறேன்.

சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த பொருளைக் குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்று மனுச் செய்யலாம். மேலே சொன்ன வழக்குகளில் பெரும்பாலானவை அப்படி எழுந்தவைதான். நாடு கடத்தும் விசாரணைக்கு இந்தப் பாதுகாப்பு பொதுவாகப் பொருந்தாது என்று 1984-இல் லோபெஸ் மெண்டோசா வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அப்பட்டமான மீறல்களுக்கு மட்டும் சிறிது இடம் விட்டார்கள். ஆகவே விசாவில் இருப்பவர், சோதனை தவறு என்று நிரூபித்தாலும் அதன் பலனை அங்கே முழுமையாக அனுபவிக்க முடியாமல் போகலாம்.

காயமோ இழப்போ நேர்ந்திருந்தால், அதிகாரி மீது இல்லாவிட்டாலும் அமெரிக்க அரசின் மீது கூட்டரசு இழப்பீட்டுக் கோரிக்கைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் அந்தத் துறையிடமே எழுத்து மூலம், கேட்கும் தொகையைத் திட்டவட்டமாகக் குறிப்பிட்டு, நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை தர வேண்டும், இதற்கென எஸ்.எஃப். 95 என்ற படிவம் இருக்கிறது. துறை மறுத்தால் அந்த மறுப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ஆறு மாதமாகியும் பதிலே இல்லையென்றால் அதையே மறுப்பாகக் கொண்டு வழக்குத் தொடுக்கலாம். ஜூரி கிடையாது, நீதிபதி மட்டுமே விசாரிப்பார். தண்டனை நோக்கிலான கூடுதல் தொகையும் கிடையாது. இந்தக் கெடுக்களைத் தவறவிட்டு வழக்கை இழந்தவர்கள் ஏராளம் என்பதால், சம்பவம் நடந்த அன்றே நேரம், இடம், அதிகாரியின் அடையாள எண், உடன் இருந்தவர்கள் ஆகிய விவரங்களை எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

இந்தச் சட்டத்திலும் ஒரு விலக்கு இருக்கிறது: வெளிநாட்டு மண்ணில் நேர்ந்த பாதிப்புக்கு இது பொருந்தாது. அமெரிக்காவில் நின்று சுட்டிருந்தாலும் குண்டு பாய்ந்த இடம் மெக்சிகோ என்றால் இந்த வழியும் அடைபட்டுவிடும். அத்தகைய வழக்கில் எஞ்சுவது, நீதித்துறை அமைச்சகம் தானாக முன்வந்து அந்த அதிகாரி மீது குற்ற வழக்குத் தொடுப்பது ஒன்றுதான். நோகாலெஸ் வழக்கில் அப்படித் தொடுத்தார்கள். 2018-இல் இரண்டு முறை ஜூரி முன் விசாரணை நடந்தும் எந்தக் குற்றச்சாட்டிலும் தண்டனை கிடைக்கவில்லை.